அரியலூர் தாண்டினதும் ஒரு பாலம் வரும்...

ரயில் கிறுக்கு பிடிச்சவங்கள்ல பல வகை உண்டு மக்களே. எஞ்சின் சத்தத்தை வச்சே அது ஒய்டிஎம்4-ஆ வேற எதுவுமான்னு கண்டுபிடிக்கிறவங்க ஒரு கோஷ்டி. கால அட்டவணையை நாவல் மாதிரி படிக்கிறவங்க இன்னொரு கோஷ்டி. மஞ்சள் போர்டுல மூணு மொழியில எழுதின ஊர்ப் பேரைப் போட்டோ எடுத்துச் சேர்க்கிறவங்க, பழைய கைகாட்டி மரங்களைத் தேடி அலையறவங்க, எந்த ஸ்டேஷன்ல வடை நல்லா இருக்கும்னு மட்டும் கவலைப்படறவங்க (நான் இதுலயும் ஆயுள் உறுப்பினர் :-)) இப்படிப் பட்டியல் நீளும்.

எனக்குப் பாலம். ரயில் ஓடற சத்தம் திடீர்னு மாறும் பாருங்க, மண்ணு மேல ஓடற அமுங்கின சத்தம் போய், அடியில வெறும் காத்து இருக்கிற 'தடதட'ன்னு ஒரு சத்தம், அதுக்காகவே தூங்காம உக்காந்திருப்பேன். சென்னையில இருந்து திருச்சி போற வழியில கேட்டா எல்லாரும் கொள்ளிடம் பாலத்தைச் சொல்லுவாங்க, காவிரிப் பாலத்தைச் சொல்லுவாங்க. ஸ்ரீரங்கம் கோபுரம் தெரியும், மலைக்கோட்டை தெரியும், ஜன்னல் பக்கம் கூட்டமே கூடிடும். ஆனா அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, அரியலூரை விட்டுக் கிளம்பின கொஞ்ச நேரத்துல, ஒரு சின்னப் பாலம் வரும். மருதையாறு. ரயில் சில விநாடியில தாண்டிடும். கோடையில பார்த்தா ஆறுன்னே சொல்ல மாட்டீங்க. சீமைக்கருவேலமும் மணலும்தான். யாரும் எட்டிப் பார்க்கிறதில்லை.

இந்தப் பதிவு அந்தப் பாலத்தைப் பத்தித்தான். அதுக்கு முன்னாடி அந்தத் தண்டவாளம் அங்க வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன்.

*

பழைய தென்னிந்திய ரயில்வேயோட பாதை விழுப்புரத்துல இருந்து கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர்னு கடலோரமாகவும் டெல்டாவுக்குள்ளயும் சுத்திக்கிட்டுத் திருச்சி போகும். நெல்லும் கோயிலும் ஊரும் அங்கதானே இருந்தது, அதனால பாதையும் அப்படிப் போச்சு. இன்னைக்கும் ரயில் ஆளுங்க அதைத்தான் 'மெயின் லைன்'னு சொல்லுவாங்க. அந்த வழியில எழும்பூர் - திருச்சி ஏறக்குறைய 400 கிலோமீட்டர்.

1920களோட கடைசியில ஒரு குறுக்கு வழி போட்டாங்க. விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம், திருச்சி. இதுக்குப் பேரு 'கார்டு லைன்'. ஏதோ சிம் கார்டு சமாச்சாரம்னு நினைச்சிடாதீங்க. வட்டக் கணக்குல வில், நாண்னு படிச்சிருப்போமே, அந்த நாண்தான் இது. மெயின் லைன் வளைஞ்ச வில்லுன்னா, இது அதோட ரெண்டு முனையையும் இழுத்துக் கட்டின நாண். ஏறக்குறைய 337 கிலோமீட்டர்ல திருச்சி. அறுபது கிலோமீட்டருக்கு மேல மிச்சம்.

அந்த மிச்சம்தான் அரியலூருக்கு வாழ்வு. சுண்ணாம்புக்கல் பூமி, ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்த நிலம், தோண்டினா கிளிஞ்சல் கிளிஞ்சலா கல்லாகிப் போன உயிர்கள் வரும். சுண்ணாம்புக்கல் இருக்கிற இடத்துக்குச் சிமெண்ட் ஆலை வரும், சிமெண்ட் ஆலைக்கு ரயில் வேணும். பக்கத்துல டால்மியாபுரத்துல 1939-லயே சிமெண்ட் ஆலை வந்தாச்சு. அந்த ஸ்டேஷன் பேரைக் கல்லக்குடின்னு மாத்தணும்னு 1953 ஜூலை 15-ல கலைஞர் தண்டவாளத்துல தலை வச்சுப் படுத்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுவும் இதே கார்டு லைன்தான். பின்னாடி வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15-ல ஓட ஆரம்பிச்சு, மீட்டர் கேஜ்லயே 100 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டினதும் இந்தப் பாதையிலதான். 1990களோட கடைசியில அகலப்பாதை ஆச்சு, 2010-ல மின்சாரம் வந்தது, அப்புறம் இரட்டைப் பாதை. 2023-ல இருந்து திருநெல்வேலி வந்தே பாரத்தும் இது மேலதான் பறக்குது.

இந்த இடத்துல பெரம்பலூர்க்காரங்க ஒரு பெருமூச்சு விடுவாங்க. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. 1995-ல மாவட்டத் தலைநகர் ஆன ஊர். திருச்சி நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகுது, பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா தண்டவாளம் மட்டும் வரலை. நாமக்கல்ல இருந்து துறையூர், பெரம்பலூர் வழியா அரியலூருக்கு ஒரு பாதை போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதுவரைக்கும் ரயில் வேணும்னா ஒரு மணி நேரம் பஸ்ல அரியலூர் வரணும். காலேஜ் படிக்கிற காலத்துல நானும் அப்படித்தான், மூட்டையைக் கட்டிக்கிட்டு அரியலூர் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கேன். பஸ்ல வரும்போது ஒரு ஆத்துப் பாலத்தைத் தாண்டுவோம். பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருத்தர், "தம்பி, இந்தத் தண்ணிதான்யா அன்னைக்கு ரயிலை அடிச்சுக்கிட்டுப் போச்சு"ன்னார். அந்த வறண்ட மணலைப் பார்த்துக்கிட்டே நான் சிரிச்சிருக்கணும். அவர் சிரிக்கலை.

அவர் சொன்னது சரிதான். மருதையாறு பச்சைமலைப் பக்கம் பிறந்து, பெரம்பலூர்ச் சீமையோட மழையை எல்லாம் வழிச்சு வாங்கிக்கிட்டு, அரியலூர்ப் பக்கம் வந்து, கடைசியில கொள்ளிடத்துல போய்ச் சேருது. ரயில் எட்டிப் பார்க்காத ஊரோட மழைதான் ரயிலைத் தேடிப் போச்சு.

*

1956 நவம்பர் 22 ராத்திரி. சென்னை எழும்பூர்ல இருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்புது. நிலக்கரி எஞ்சின், மீட்டர் கேஜ், நூத்துக்கணக்கான ஜனம். திருச்சி, மதுரை, தூத்துக்குடின்னு ஊருக்குப் போறவங்க. வடகிழக்குப் பருவமழை உச்சத்துல இருந்த நேரம், வழியெல்லாம் அடைமழை.

23-ஆம் தேதி விடியக்காலை, இருட்டுப் பிரியறதுக்கு முன்னாடி, வண்டி அரியலூரை விட்டுக் கல்லகம் பக்கம் கிளம்புது. அந்த ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடுவுலதான் மருதையாறு. ஆத்துல வெள்ளம் பாலத்தைத் தொட்டுக்கிட்டு ஓடிட்டு இருந்தது. பாலம் தாங்கலை. எஞ்சினும் அதை ஒட்டியிருந்த பெட்டிகளும் ஒண்ணு மேல ஒண்ணா ஆத்துக்குள்ள போச்சு. அந்தப் பெட்டிகள்ல தூங்கிட்டு இருந்தவங்களுக்கு என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்லை. 140 பேருக்கு மேல செத்துப் போனாங்க. நூறு பேர் அளவுக்குக் காயம். வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போனவங்களைத் தேடறதே பெரும்பாடா போச்சு.

கொஞ்சம் நில்லுங்க. இங்கதான் என்னை மாதிரி ரயில் கிறுக்கனுக்கு ஒரு கேள்வி உறுத்தும். ரயில்வேயில பாதுகாப்புக்குன்னு எவ்வளவு இருக்கு? கைகாட்டி, டோக்கன், சாவி, மணி... ரயில் ரசிகர்கள் உருகி உருகிப் பேசறதே அதைப் பத்தித்தானே. ஒற்றை வழிப் பாதையில டிரைவர் கையில டோக்கன் வாங்காம அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பவே முடியாது. மூங்கில் வளையத்துல பையைக் கட்டி, ஓடற வண்டியில கை மாத்துவாங்க பாருங்க, அது ஒரு அழகு. ரெண்டு ஸ்டேஷன்லயும் இருக்கிற மெஷின் ஒத்துக்கிட்டாத்தான் டோக்கன் வெளியில வரும். அதனால ரெண்டு வண்டி நேருக்கு நேர் மோதவே வழியில்லாம பண்ணி வச்சிருந்தாங்க. அந்தக் காலத்து மூளை சும்மா இல்லை.

ஆனா டோக்கன் என்ன சொல்லுது? "அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் வேற வண்டி இல்லை, நீ போகலாம்." அவ்வளவுதான். "அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை இருக்கு"ன்னு அது சொல்லவே இல்லை. சொல்லவும் தெரியாது. வண்டிக்கு வண்டி எதிரின்னு நினைச்சுச் செஞ்ச ஏற்பாடு அது. தண்ணியை அது கணக்குல எடுத்துக்கவே இல்லை.

இன்னைக்கும் அடிப்படை மாறலைங்கறதைக் கவனிக்கணும். டோக்கன் போய் கலர் விளக்கு வந்தது, சக்கரத்தை எண்ணற கருவி வந்தது, இப்ப 'கவச்' வருது. எல்லாமே வண்டி எங்க இருக்கு, எந்த வேகத்துல வருதுன்னு பார்க்கிற சமாச்சாரம். தண்டவாளத்துல மின்சாரம் விட்டுப் பார்க்கிற ஏற்பாடு இருக்கு, தண்டவாளம் உடைஞ்சா சில சமயம் காட்டிக் குடுக்கும். ஆனா வெள்ளத்துல அடி மண்ணு மட்டும் போச்சுன்னா? தண்டவாளம் உடையாம, ஸ்லீப்பர் கட்டையோட அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருக்கும். சிக்னலுக்கு அது முழுசான தண்டவாளம்தான். பச்சை விளக்கு எரியும்!

பாலம் எப்படிப் போகுதுன்னும் கொஞ்சம் பார்ப்போம். தண்ணி மோதி மோதித் தூண் உடையறதா நாம நினைச்சுக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. அகலமா பரவி வர்ற வெள்ளத்தைப் பாலமும் ரெண்டு பக்கத்துக் கரையும் சேர்ந்து குறுகலான வழியில புகுந்து போகச் சொல்லுது. குறுகினா வேகம் கூடும். வேகம் கூடினா அடி மணலைத் தோண்டும். தூணோட காலுக்குக் கீழ பள்ளம் பறிச்சுக்கிட்டே போகும், மேல இருந்து பார்த்தா பாலம் சும்மா கம்பீரமா நிக்கும். இல்லைன்னா பாலத்துக்கும் கரைக்கும் சேர்ற இடத்துல மண்ணைக் கரைச்சுடும். வெறும் பாலம் தாங்கிக்கிட்டு நிக்கும். எஞ்சின் பாரம் ஏறற அந்த ஒரு நொடிதான் கணக்கு.

இன்னொண்ணு. நம்ம சீமையில ஆறுன்னா ஆறு மட்டும் இல்லை. மேல இருந்து கீழ வரைக்கும் சங்கிலி மாதிரி ஏரிகள். ஒண்ணு நிறைஞ்சு இன்னொண்ணுக்கு வழியும். மேல ஒரு ஏரிக்கரை உடைஞ்சா அது கீழ ஏரியை உடைக்கும், மொத்தத் தண்ணியும் ஒரே நேரத்துல ரயில் பாலத்துக்கு வந்து நிக்கும். அதனாலதான் ரயில்வேக்காரங்க 'ரயில்பாதையைப் பாதிக்கக் கூடிய ஏரிகள்'னு தனியா ஒரு பதிவேடே வச்சிருக்காங்க. மழைக்கு முன்னாடி மாநில அரசு ஆளுங்களும் அவங்களும் சேர்ந்து போய் கரையைப் பார்க்கணும்னு ஏற்பாடு. ஏரி ரயில்வேக்குச் சொந்தமில்லை, பாலம் மாநிலத்துக்குச் சொந்தமில்லை. நடுவுல தண்ணி இருக்கு. அதுக்கு எல்லைக் கல்லு தெரியாது.

*

சரி, அரியலூர் விபத்துன்னு சொன்னா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது? நேர்மையாச் சொல்லுங்க. லால் பகதூர் சாஸ்திரி. 'ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்த மத்திய அமைச்சர் யார்?' டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைங்க தூக்கத்துல கேட்டாலும் சொல்லும்.

அதுல பாதிக் கதைதான் நம்ம மண்டையில இருக்கு. அதே 1956-ல, செப்டம்பர் 2-ஆம் தேதி, ஆந்திரப் பக்கம் மகபூப்நகர்கிட்ட வெள்ளத்துல பாலம் போய் நூறு பேருக்கு மேல இறந்தாங்க. அப்பவே சாஸ்திரி ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு ஏத்துக்கலை. மூணு மாசம் முழுசா முடியலை, அரியலூர். மறுபடியும் கடிதம். இந்தத் தடவை நேரு ஏத்துக்கிட்டார். சாஸ்திரி மேல தப்புங்கறதுக்காக இல்லை, அரசியல் சாசன ஒழுங்குக்கு ஒரு முன்னுதாரணமா இருக்கட்டும்னுதான் ஏத்துக்கறதா நாடாளுமன்றத்துல விளக்கம் சொன்னார். அடுத்து ஜகஜீவன் ராம் ரயில்வே அமைச்சர் ஆனார். அப்ப துணை அமைச்சரா இருந்தவர் நம்ம ஊர் ஓ.வி.அளகேசன். 1957-ல திமுக முதன்முறையா களமிறங்கின பொதுத்தேர்தல்ல அரியலூர் பெரிய பிரசாரமாவே ஆயிடுச்சு.

சாஸ்திரி செஞ்சது சாதாரண விஷயம் இல்லை. அதுக்கப்புறம் எத்தனை விபத்து, எத்தனை அமைச்சர்! 1999-ல கைசால் விபத்துக்குப் பிறகு நிதிஷ் குமார் விலகினார், அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு பேரைத்தான் விரல் விட்டுச் சொல்ல முடியுது. ஒவ்வொரு விபத்து நடக்கும்போதும் சாஸ்திரி பேரு வெளியில வரும், டீக்கடை முதல் டெல்லி வரைக்கும்.

ஆனா எனக்கு ஒரு ஆதங்கம். 140 பேருக்கு மேல போன ஒரு விடியக்காலை, கடைசியில ஒரு நல்ல மனுஷரோட வாழ்க்கை வரலாத்துல ஒரு பத்தியா சுருங்கிப் போச்சு. செத்தவங்க யாரு? எந்த ஊர்? யாரு கல்யாணத்துக்குப் போனாங்க, யாரு வேலைக்கு? அமைச்சர் பேரு நமக்குத் தெரியும். அந்த எஞ்சின்ல கரி அள்ளிப் போட்ட ஆளோட பேரு நமக்குத் தெரியாது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. இதை 'சோதனையான காலம், இயற்கைச் சீற்றம்'னு தனி ஒரு சம்பவமாவே பேசறோம். தேதிகளை அடுக்கிப் பாருங்க. 1954 செப்டம்பர்ல ஹைதராபாத்துக்குக் கிழக்க ஜன்காவ் பக்கம் வெள்ளத்துல பாலம் போய் நூத்துக்கு மேல சாவு. 1956 செப்டம்பர் மகபூப்நகர். 1956 நவம்பர் அரியலூர். ரெண்டேகால் வருஷத்துல மூணு பாலம், மூணுமே தண்ணி, மூணுமே பெரும் சாவு. இதை விதின்னு சொல்ல முடியுமா? மூணு தடவையும் தண்ணி ஒரே கேள்வியைத்தான் கேட்டுச்சு.

அதோட முடிஞ்சுதா? 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போற பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுக்கிட்டுப் போனதை நாம மறக்க முடியாது. 2001 ஜூன் 22-ல கேரளாவுல கடலுண்டி ஆத்துப் பாலத்துல சென்னை மெயில் விழுந்து 52 பேர். 2005 அக்டோபர் 29-ல ஆந்திராவுல வலிகொண்டா பக்கம், மேல ஏரி உடைஞ்சு வந்த வெள்ளத்துல சின்னப் பாலம் ஒண்ணு அரிச்சுப் போய், டெல்டா பாசஞ்சர் கவுந்து நூத்துக்கு மேல சாவு. அரியலூருக்கு 49 வருஷம் கழிச்சு! அதுவும் ஒரு சின்னப் பாலம்தான். அதுவும் விடியறதுக்கு முன்னாடிதான்.

*

உலகத்துல வேற எங்கயாவது இப்படி நடந்திருக்கான்னு தேடினா, அரியலூரோட அண்ணன் மாதிரி ஒரு கதை நியூசிலாந்துல இருக்கு. இடம் டாங்கிவாய். 1953 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. வெலிங்டன்ல இருந்து ஆக்லாந்து போற எக்ஸ்பிரஸ், வண்டியில 285 பேர், ஊருக்குப் பண்டிகைக்குப் போற ஜனம். மேல ருவாபெஹூன்னு ஒரு எரிமலை. அதோட உச்சியில இருந்த ஏரி உடைஞ்சு, சேறும் கல்லுமா வந்த வெள்ளம் ரயில் பாலத்தோட தூண்களைச் சாய்ச்சிடுச்சு. அந்த வழியா வந்த தபால் துறை ஊழியர் ஒருத்தர் டார்ச் லைட்டை ஆட்டிக்கிட்டே தண்டவாளத்துல ஓடினார். டிரைவர் பிரேக் போட்டார். நேரம் பத்தலை. 151 பேர் போனாங்க. அரியலூருக்குக் கிட்டத்தட்ட அதே கணக்கு.

வித்தியாசம் அதுக்கப்புறம்தான். அங்க செத்தவங்களுக்கு நினைவிடம் இருக்கு, பேரெல்லாம் இருக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அந்தப் பாலத்துல எக்ஸ்பிரஸ் டிரைவர் வண்டியை மெதுவாக்கி, ஆத்துல ஒரு பூங்கொத்தைப் போட்டுட்டுப் போற வழக்கம் இருந்தது. இது உணர்ச்சி சமாச்சாரம்னு விட்டுடாதீங்க. அந்த ஞாபகம்தான் ஏற்பாடாவும் மாறுச்சு. மலையில தண்ணி கிளம்பினா முன்கூட்டியே சொல்ற எச்சரிக்கைக் கருவிகளை வச்சாங்க. 2007 மார்ச் 18-ல அந்த மலை ஏரி மறுபடி உடைஞ்சது, பெரிய சேத்து வெள்ளம் அதே ஆத்துல வந்தது. அலாரம் அடிச்சது, ரயிலையும் சாலையையும் நிறுத்தினாங்க. ஒரு உயிர் கூடப் போகலை.

யாரும் மறக்காம இருந்தா என்ன ஆகும்னு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியலை.

*

நம்ம ஊர்ல ஒண்ணுமே பண்ணலையான்னு கேட்டா, அதுவும் அநியாயம். பண்ணியிருக்காங்க. ரயில் ரசிகர்கள் போட்டோவுல வராத ஒரு ஆள் மூலமா பண்ணியிருக்காங்க.

மழைக்கால ரோந்துன்னு ஒண்ணு உண்டு. பேட்ரோல்மேன். ராத்திரி முழுக்க, மழையில, தண்டவாளத்து ஓரமாவே நடக்கிற ஆள். கையில விளக்கு, தோள்ல பை, பைக்குள்ள தண்டவாளத்துல கட்டி வைக்கிற வெடி. ஒருத்தர் தன்னோட எல்லை வரைக்கும் நடந்து போவார். எதிர்ப்பக்கத்துல இருந்து இன்னொருத்தர் நடந்து வருவார். ரெண்டு பேரும் சந்திச்சு, கையில இருக்கிற ரோந்துப் புத்தகத்தை மாத்திக்கிட்டுத் திரும்பி நடப்பாங்க. முழுப் பாதையையும் மனுஷன் கண்ணு பார்த்தாச்சுங்கறதுக்கு அந்தப் புத்தகம்தான் சாட்சி. பயப்பட வேண்டிய பாலங்கள்ல இடத்தை விட்டு நகராம ஒரு காவல் ஆளே இருப்பார்.

பாலத்துத் தூண்ல கோடு போட்டிருக்கும், பார்த்திருக்கீங்களா? ஆபத்து மட்டம் எது, இதுவரைக்கும் வந்ததுலயே உச்சமான வெள்ளம் எது, அது எந்த வருஷம்னு எழுதியிருக்கும். தண்ணி ஆபத்துக் கோட்டைத் தொட்டா வண்டியை நிறுத்தணும். எப்படி? அகலப்பாதையில 600 மீட்டர் ஓடிப் போய் ஒரு வெடியைத் தண்டவாளத்துல கட்டணும். இன்னும் ஓடி 1200 மீட்டர்ல, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில மூணு வெடி. எஞ்சின் சக்கரம் ஏறினா வெடிக்கும், டிரைவர் வண்டியை நிறுத்துவார். இதை அடைமழையில, கும்மிருட்டுல, ஜல்லிக்கல்லு மேல ஓடிச் செய்யணும். அந்தப் பக்கம் மட்டும் போதாது, இந்தப் பக்கமும்!

எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு இதுல இருக்கு. பேட்ரோல்மேன் வர வேண்டிய நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வந்து சேரலைன்னா, ஸ்டேஷன் மாஸ்டர் 'எங்கயாவது டீ குடிக்கப் போயிருப்பான்'னு இருக்கக் கூடாது. அடுத்த வண்டியை நிறுத்தி, டிரைவர்கிட்ட காஷன் ஆர்டர் கொடுத்து, வேகத்தைக் குறைச்சுத்தான் அனுப்பணும். அதாவது, அந்த ஆள் வராததே ஒரு சிக்னல். டோக்கனால சொல்ல முடியாத 'பாதை இருக்கு'ங்கற செய்தியை, ஒரு மனுஷன் நடந்து வந்து சொல்றார். நடந்து வரலைன்னாலும் சொல்றார்.

இப்ப அவங்க கையில ஜிபிஎஸ் கருவி கொடுத்திருக்காங்க, விளக்கு எல்இடி ஆயிடுச்சு. சில பாலங்கள்ல தண்ணி மட்டத்தை அளந்து செல்போனுக்குச் சேதி அனுப்பற கருவியும் வந்திருக்கு. நல்லதுதான். ஆனாலும் மழை ராத்திரியில நடக்கிற கால்கள் இன்னும் இருக்கு.

அதனால எனக்குப் பிடிச்ச ரயில் சமாச்சாரம் என்னன்னு இப்ப கேட்டா, பாலம்னு மட்டும் சொல்ல மாட்டேன். அந்தப் பாலத்து மேல ராத்திரி ரெண்டு மணிக்கு விளக்கோட நிக்கிற ஆள்னு சொல்லுவேன். அவரை நாம பார்க்கவே முடியாது. அவர் சரியா வேலை செஞ்ச ராத்திரி எல்லாம் நாம தூங்கிட்டுப் போன ராத்திரி. எந்தச் செய்தியும் இல்லாத ராத்திரி.

*

ஒரு தேதிப் பொருத்தத்தையும் சொல்லிடறேன். அரியலூர் மாவட்டம் 2001-ல பிறந்து, 2002-ல மறுபடி பெரம்பலூரோடயே சேர்க்கப்பட்டு, கடைசியா மறுபடி தனி மாவட்டம் ஆன நாள் 2007 நவம்பர் 23. அந்தத் தேதி எதேச்சையாத்தான் அமைஞ்சிருக்கணும். ஆனா அமைஞ்சுடுச்சு. வருஷா வருஷம் மாவட்டத்தோட பிறந்தநாளும் மருதையாத்து விபத்தோட நினைவு நாளும் ஒரே நாள்ல வருது. அன்னைக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கறது பெரிய காரியம் இல்லை. பூங்கொத்து எல்லாம் கூட வேண்டாம், ரயில்ல இருந்து எதையும் கீழ போடறது நம்ம ஊர்ல சரிப்படாது. பேருகளைச் சேர்த்தாலே போதும்.

ஏன்னா நேரம் ஓடிக்கிட்டு இருக்கு. 1956-ல பத்து வயசுப் பிள்ளையா இருந்தவங்களுக்கு இப்ப எண்பதை ஒட்டியாச்சு. அன்னைக்குக் கயிறு எடுத்துக்கிட்டு ஆத்தங்கரைக்கு ஓடின அப்பனைப் பார்த்த பிள்ளைங்க, ஊருக்கு வர வேண்டிய சித்தப்பா வராமலே போன வீட்டுப் பிள்ளைங்க, இன்னும் அங்கங்க இருக்காங்க. அரியலூர், கல்லகம், லால்குடி, திருச்சி, மதுரை, தூத்துக்குடின்னு உங்க வீட்லயோ தெருவுலயோ அப்படி ஒருத்தர் இருந்தா, இந்த வாரமே போய் உக்காந்து கேளுங்க. யாரு போனாங்க, எந்த ஊர், என்ன வேலையா போனாங்கன்னு கேட்டு உங்க பதிவுல எழுதுங்க. சாஸ்திரியைப் பத்தி எழுத நிறையப் பேர் இருக்காங்க. இதுக்கு நாமதான் இருக்கோம்.